தேதி தள்ளிப்போகாது: நெட்வொர்க் மென்பொருளை எப்போது மாற்றுவது?

1999 ஜனவரி மாதம் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஒரு நடுத்தர வணிக நிறுவனம். ஐம்பது கணினிகள், பின்னறையில் ஒரு சர்வர். அதில் ஓடுவது நாவெல் நிறுவனத்தின் நெட்வொர்க் மென்பொருளான நெட்வேர் 3.11, 1991-இல் வந்த பதிப்பு. கணக்கு ஃபைல்கள், கடிதங்கள், பிரிண்டர் எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வருகின்றன. வருடக்கணக்கில் ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. அதன் பக்கத்தில் பிறகு வாங்கிய இன்னொரு சர்வர், விண்டோஸ் என்டி 4.0 போட்டது, மின்னஞ்சலைக் கவனித்துக்கொள்கிறது. இன்னும் பன்னிரண்டு மாதத்தில் 2000 பிறக்கப்போகிறது. அன்று காலை இந்த இரண்டு சர்வர்களும் ஒழுங்காக வேலை செய்யுமா என்று முதலாளி கேட்கிறார்.

நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரின் கவலை வேறு. எதை மாற்ற வேண்டும் என்பது அவருக்கு ஓரளவு தெரியும். எப்போது மாற்றுவது என்பதுதான் தெரியவில்லை. இப்போதே மாற்றினால் புதுப் பதிப்பில் உள்ள பிழைகளை நாமே முதலில் அனுபவிக்க வேண்டும். பொறுத்திருந்தால் நல்ல பதிப்பு வரலாம், வராமலும் போகலாம். ஒன்றும் செய்யாமல் இருந்தால் ஜனவரி 1 வந்துவிடும்.

நானும் நெட்வொர்க் வேலை பார்ப்பவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது. வை2கே, அதாவது 2000 பிறக்கும்போது கணினிகளின் தேதி குழம்பும் என்ற பிரச்சினை, முடிந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டாலும் கேள்வி முடியவில்லை. 2036-இலும் 2038-இலும் இதே மாதிரி இரண்டு தேதிகள் வருகின்றன. அவற்றைப் பற்றி யோசிக்க 1999-ஐப் போல நல்ல பாடம் வேறு இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிரச்சினை எங்கே இருக்கிறது

நம் வீட்டுப் பழைய பத்திரம் ஒன்றில் "சார்வரி வருஷம் தை மாதம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்த வருடம்? பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர்கள்தான், முடிந்ததும் மறுபடி பிரபவ. 2020 சித்திரையில் சார்வரி பிறந்தது. அதற்கு முன் 1960-இல் பிறந்தது, அதற்கும் முன் 1900-இல். எழுதியவருக்கு எந்தச் சார்வரி என்று சந்தேகமே இருந்திருக்காது. படிக்கிறவருக்குத்தான் குழப்பம்.

கணினியில் நடந்ததும் இதுதான். 1960-களில் தகவலைச் சேமிக்கும் இடம் மிகவும் விலை உயர்ந்தது. ஒரு துளை அட்டையில் 80 எழுத்துகள்தான் பிடிக்கும். அதனால் 1967 என்பதை 67 என்று எழுதிக்கொண்டார்கள். 19 எல்லாருக்கும் தெரிந்ததுதானே. நம் ஊர் ரசீதுப் புத்தகங்களிலும் காசோலைகளிலும் அப்போது "19" அச்சடித்தே வரும், பின்னால் இரண்டு எண்களை மட்டும் நாம் நிரப்புவோம். கணினி நிரல்களும் அப்படித்தான் எழுதப்பட்டன.

99-க்கு அடுத்து 00. மனிதர் அதை 2000 என்று படிப்பார், நிரல் 1900 என்று படிக்கும். 1998-இல் வாங்கிய கடனுக்கு 2000-இல் வட்டி கணக்கிடச் சொன்னால் 00-இலிருந்து 98-ஐக் கழித்து, மைனஸ் 98 வருடம் என்று சொல்லும். இன்னொரு கண்ணியும் இருந்தது. நூறால் வகுபடும் வருடங்கள் பொதுவாக லீப் வருடங்கள் இல்லை, ஆனால் 400-ஆல் வகுபட்டால் லீப் வருடம். 1900-இல் பிப்ரவரி 29 கிடையாது, 2000-இல் உண்டு. முதல் பாதி விதியை மட்டும் தெரிந்துகொண்டு எழுதிய நிரல்கள் அங்கே தடுமாறின.

நெட்வொர்க்கில் அது ஏன் பெரிதாகிறது

தனியாக நிற்கும் ஒரு கணினியில் தேதி தவறிப்போனால் கையால் திருத்திவிடலாம். சில பழைய கணினிகள் 2000 பிறந்ததும் 1980-க்குப் போய்விடும். ஒரு தடவை சரியான தேதியைப் போட்டுவிட்டால் பிறகு ஒழுங்காக ஓடியவையும் அவற்றில் உண்டு.

நெட்வொர்க்கில் அப்படி முடியாது. அங்கே ஒவ்வொன்றும் மற்றதன் கடிகாரத்தை நம்பி இருக்கிறது. பயனரின் கடவுச்சொல் என்று காலாவதி ஆகிறது என்று பார்ப்பது தேதியை வைத்து. மென்பொருள் உரிமம் செல்லுமா என்பதும் தேதிதான். பேக்கப் மென்பொருள் எந்த டேப்பை அழித்து மேலே எழுதலாம் என்று முடிவெடுப்பதும் தேதியை வைத்துத்தான். ஒரே ஃபைலின் இரண்டு பிரதிகளில் எது புதியது என்று கேட்டாலும் அதே கதை. நேற்றைய பேக்கப்பை நூறு வருடப் பழையது என்று நினைத்து அழிக்கிற மென்பொருளைக் கற்பனை செய்து பாருங்கள். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

ஆகவே சர்வரை மட்டும் மாற்றினால் போதாது. சர்வர், அதோடு பேசும் ஒவ்வொரு கணினியிலும் உள்ள கிளையன்ட் மென்பொருள், மேலே ஓடும் கணக்கு மென்பொருள், பேக்கப், அடியில் இருக்கும் வன்பொருள் கடிகாரம் எல்லாம் ஒரே சங்கிலி. ஒன்றை மாற்றினால் அடுத்தது ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். நெட்வொர்க் மேம்படுத்தலுக்கு நாம் நினைப்பதைவிட அதிக நாள் பிடிப்பது இதனால்தான்.

இருந்த வழிகள்

நம் 1999 நிறுவனத்துக்குத் திரும்புவோம். நெட்வேர் 3.11 அப்படியே இருந்தால் தேறாது. நாவெல் இரண்டு வழிகளைக் கொடுத்திருந்தது. 3-ஆம் வரிசை சர்வர் வைத்திருப்பவர்களுக்காக 1998-இல் நெட்வேர் 3.2 என்று ஒன்றை வெளியிட்டது. 2000-ஐத் தாண்டும், மற்றபடி பழைய வீடுதான், அறைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். அதே 1998-இன் பிற்பகுதியில் நெட்வேர் 5 வந்தது. அது முற்றிலும் வேறு உலகம்.

எவ்வளவு வேறு என்று சொன்னால்தான் தேர்வின் கனம் புரியும். நெட்வேர் 3-இல் ஒவ்வொரு சர்வரும் தன் பயனர் பட்டியலைத் தானே வைத்துக்கொள்ளும், அதற்கு பைண்டரி என்று பெயர். 4-ஆம் வரிசையிலிருந்து முழு நிறுவனத்துக்கும் ஒரே டைரக்டரி. கிளை, பிரிவு, பயனர், பிரிண்டர் எல்லாம் ஒரு மரம் போல விரியும். அந்த மரத்தை எப்படி அமைப்பது என்று முதலிலேயே உட்கார்ந்து திட்டமிட வேண்டும். தவறாக அமைத்தால் பிறகு திருத்துவது பெரும் பாடு. இன்னொன்று, பழைய நெட்வேர் பேசியது ஐபிஎக்ஸ் என்ற தன் சொந்த மொழி. நெட்வேர் 5 இணையத்தின் மொழியான டிசிபி ஐபியை நேரடியாகப் பேசியது. மொழி மாறினால் ஐம்பது கணினிகளிலும் ஏறி இறங்க வேண்டும்.

நெட்வேர் 5 நல்ல மென்பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் 2000-ஐத் தாண்டுவதற்காக மட்டும் அந்தப் பெரிய மாற்றத்தைச் செய்ய வேண்டுமா? பன்னிரண்டு மாதமும் அனுபவமுள்ள ஆட்களும் இருந்தால் செய்யலாம். ஆறு மாதம்தான் இருக்கிறது, ஒரே ஒரு ஆள்தான் என்றால் நான் 3.2-ஐத்தான் சொல்வேன். தேதியைத் தாண்டும் வேலையையும் நெட்வொர்க்கை நவீனமாக்கும் வேலையையும் ஒன்றாகக் கட்டினால், இரண்டாவது தாமதமாகும்போது முதலாவதும் சேர்ந்து தாமதமாகும். நவீனமாக்கும் வேலையை 2000 ஜூனுக்குத் தள்ளி வைக்கலாம். ஜனவரி 1-ஐ அப்படித் தள்ளி வைக்க முடியாது.

பக்கத்து சர்வரின் கதை இன்னும் சுவாரசியமானது. விண்டோஸ் என்டி 4.0-க்கு 1998 அக்டோபரில் சர்வீஸ் பேக் 4 என்ற திருத்தத் தொகுப்பு வந்தது. அதில் 2000-க்கான திருத்தங்கள் இருந்தன. ஃபைல்களைத் தேடும்போது 2000-க்குப் பிந்தைய தேதிகள் புரியாத குறிகளாகத் தெரிந்ததும், பயனர் நிர்வாகக் கருவி 2000 பிப்ரவரியை லீப் மாதமாக ஏற்காததும் இப்படித் திருத்தப்பட்டவைதான். உலகம் முடிந்துவிடும் என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், உண்மையான பிழைகளில் பல இப்படிச் சின்னச் சின்னதாகவே இருந்தன. சின்னது என்பதற்காக விட்டுவிடவும் முடியாது.

அப்போது பலர் சொன்னது இது: "இன்னும் கொஞ்ச நாளில் என்டி 5.0 வரப்போகிறதே, ஒரேயடியாக அதற்கே போய்விடலாமே. இருமுறை எதற்கு வேலை?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்ததைப் பாருங்கள். 1998 அக்டோபரில் என்டி 5.0-க்கு விண்டோஸ் 2000 என்று பெயர் மாற்றினார்கள். பெயரிலேயே வருடம் வந்துவிட்டதால் அதுதான் 2000-க்கான மருந்து என்று எண்ணியவர்கள் இருந்திருப்பார்கள். அந்த மென்பொருள் முடிந்து உற்பத்திக்குப் போன நாள் 1999 டிசம்பர் 15. கடைக்கு வந்தது 2000 பிப்ரவரி 17. அதாவது புத்தாண்டு கழிந்து 47 நாட்கள். அதற்காகக் காத்திருந்த நிறுவனத்துக்கு ஜனவரி 1 அன்று கையில் பழைய என்டி 4.0 மட்டுமே இருந்திருக்கும்.

மென்பொருள் வெளியாகும் தேதி ஒரு வாக்குறுதி. அது மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் நகரும். நாள்காட்டி நகராது. நகராத தேதிக்கான திட்டத்தை நகரும் தேதியின் மேல் கட்டக்கூடாது. இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துப்போவதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று கையில் இருக்கும் மென்பொருளும் இன்று கிடைக்கும் பேட்சும் (பிழை திருத்தும் சிறு மென்பொருள்) மட்டுமே திட்டத்தில் வரலாம். வரப்போவது வந்தால் நல்லது, அவ்வளவுதான்.

கடைசி நேரத்தில் மாற்றினால்

அப்படியானால் டிசம்பர் வரை வரும் பேட்சுகளை எல்லாம் போட்டுக்கொண்டே இருக்கலாமே என்று தோன்றும். அதற்கும் அதே என்டி 4.0 பதில் சொல்கிறது.

1999-இன் கடைசியில் சர்வீஸ் பேக் 6 வந்தது. வந்ததை உடனே போட்ட அலுவலகங்களில் சில இடத்தில் லோட்டஸ் நோட்ஸ் போன்ற மென்பொருள்கள் நெட்வொர்க்கோடு இணையவில்லை. நிர்வாகி உரிமை உள்ளவர் நுழைந்தால் வேலை செய்யும், சாதாரணப் பயனர் நுழைந்தால் செய்யாது. நிர்வாகியின் கணக்கில் மட்டும் சோதித்தவர்களுக்கு இது தெரிந்தே இருக்காது. நவம்பர் இறுதியில் சர்வீஸ் பேக் 6ஏ வந்து அதைச் சரிசெய்தது. புத்தாண்டுக்கு ஒரு மாதம்தான் மிச்சம்.

ஒரு பிழையைத் தவிர்க்கப் போட்ட பேட்ச் வேறொரு பிழையைக் கொண்டுவருவது இந்தத் தொழிலில் சகஜம். அதனால்தான் அந்த வருடம் பல நிறுவனங்கள் இலையுதிர் காலத்திலேயே மாற்றங்களுக்குத் தடை போட்டன. அந்த நாளுக்குப் பிறகு எதையும் தொடக்கூடாது, இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்பதுதான் அந்தத் தடை. முதலில் கேட்கும்போது சோம்பேறித்தனம் போலத் தெரியும். உண்மையில் மிகப் பயனுள்ள பழக்கம். ஜனவரி 1 அன்று ஏதாவது உடைந்தால், அது தேதியால் உடைந்ததா, போன வாரம் போட்ட பேட்சால் உடைந்ததா என்ற குழப்பமாவது இருக்காது.

ஆக, மேம்படுத்தலுக்கு இரண்டு பக்கமும் வேலி இருக்கிறது. வெளியான அன்றே போட்டால் மற்றவர் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். கடைசி மாதத்தில் போட்டால் நாம் சோதிக்க நேரமிருக்காது. நடுவில் உள்ள இடத்தைக் கண்டுபிடிக்க நாள்காட்டியைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும்.

1999-க்கு எண்ணிப் பார்ப்போம். டிசம்பரில் கை வைக்கக்கூடாது. நவம்பரில் கண்காணிப்பு மட்டும். அப்படியென்றால் எல்லாக் கணினிகளிலும் மாற்றும் வேலை அக்டோபருக்குள் முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன் சோதனைக்கு இரண்டு மூன்று மாதம், ஜூலையில் தொடங்கலாம். சோதிக்க முதலில் மென்பொருளை வாங்கியிருக்க வேண்டும். வாங்க, நம்மிடம் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் வேண்டும். கடைசியில் வந்து நிற்பது பிப்ரவரி, மார்ச். ஜனவரியில் "இன்னும் ஒரு வருடம் இருக்கிறது" என்று நினைத்தவருக்கு உண்மையில் இருந்தது சில வாரங்கள்தான்.

இந்திய நிறுவனமாக இருந்தால் இன்னொரு சிக்கல். மார்ச் கணக்கு முடிக்கும் மாதம். அப்போது சர்வரைத் தொடலாமா என்று கேட்டாலே கணக்குப் பிரிவில் சண்டைக்கு வருவார்கள், அது நியாயமும்கூட. அதோடு 1999 ஏப்ரல் 1 அன்றே 1999-2000 நிதியாண்டு பிறந்துவிட்டது. ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கும் இடங்களில் 00 என்ற எண் கணக்கு மென்பொருளுக்குள் ஒன்பது மாதம் முன்னதாகவே நுழைந்துவிட்டது.

தேதி முன்கூட்டியே வந்துவிடும்

இதைப் புதியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பிரச்சினை ஜனவரி 1 நள்ளிரவில் வரும் என்று நினைக்கிறோம். எதிர்காலத் தேதியைக் கையாளும் மென்பொருளுக்கு அது எப்போதோ வந்துவிடும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு காய்கறி, மளிகைக் கடை. காலாவதி வருடம் 00 என்று போட்ட கடன் அட்டையைத் தேய்த்தால் கடையின் பில்லிங் இயந்திரங்கள் மொத்தமாக நின்றுபோயின. கடைக்காரர் இயந்திரம் விற்ற நிறுவனத்தின் மேல் 1997-இலேயே வழக்குத் தொடுத்தார். வை2கே தொடர்பான முதல் வழக்குகளில் அது ஒன்று. 2000 பிறக்க இன்னும் இரண்டரை வருடம் போல இருந்தது.

பிரிட்டனில் 1999 டிசம்பர் 28 அன்று எச்எஸ்பிசி வங்கி கடைகளுக்குக் கொடுத்திருந்த சுமார் 10,000 அட்டை இயந்திரங்கள் பரிவர்த்தனையை ஏற்கவில்லை. அவை நான்கு நாள் முன்னோக்கிப் பார்க்கும்படி எழுதப்பட்டிருந்தன, நான்காவது நாள் 2000-இல் விழுந்தது. தேதி பிறக்கும் வரை கடைக்காரர்கள் காகிதச் சீட்டில் எழுதிச் சமாளித்தார்கள்.

எனவே ஒவ்வொரு மென்பொருளிடமும் கேட்க வேண்டியது, "நீ எவ்வளவு தூரம் முன்னால் பார்க்கிறாய்?" என்பது. மூன்று வருட அட்டையைக் கையாளுகிறதா, மூன்று வருடம் முன்னதாகவே தயாராக வேண்டும். இருபது வருட வீட்டுக் கடனைக் கணக்கிடுகிறதா, 2038 அதற்கு 2018-இலேயே வந்தாயிற்று.

சோதிப்பது எப்படி

"சர்வரின் தேதியை 2000-க்கு மாற்றி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?" எல்லாரும் கேட்கும் கேள்வி. தெரியும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் தயவுசெய்து செய்யாதீர்கள்.

கடவுச்சொற்கள் ஒரே நொடியில் காலாவதி ஆகும். தற்காலிக உரிமங்கள் முடிந்துபோகும், சில மென்பொருள்கள் தேதியைப் பின்னால் கொண்டுவந்தாலும் மறுபடி திறக்காது. நெட்வேர் 4, 5 டைரக்டரியில் இன்னும் வேடிக்கை நடக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அது நேர முத்திரை குத்தும். கடிகாரத்தை முன்னே தள்ளி, ஒரு மாற்றத்தைச் செய்து, பிறகு பழைய நேரத்துக்கு வந்தால், எதிர்கால முத்திரை உள்ளே தங்கிவிடும். உண்மையான நேரம் அதை எட்டும் வரை சர்வர் செயற்கை நேரம் வழங்குவதாகப் புலம்பிக்கொண்டே இருக்கும்.

சரியான வழி, பேக்கப்பிலிருந்து ஒரு தனி சர்வரை உருவாக்கி, இரண்டு மூன்று கணினிகளை மட்டும் அதோடு இணைத்து, முக்கிய நெட்வொர்க்கிலிருந்து கேபிளைப் பிடுங்கிவிட்டுச் சோதிப்பது. இன்று மெய்நிகர் இயந்திரங்கள், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் கணினிகள், இருப்பதால் இது மிக எளிது. டிசம்பர் 31-இலிருந்து ஜனவரி 1-க்குத் தாண்டுவதை இயந்திரம் ஓடும்போது ஒரு முறையும் அணைத்து வைத்திருக்கும்போது ஒரு முறையும் பார்க்க வேண்டும். அப்புறம் பிப்ரவரி 28, 29, மார்ச் 1. சாதாரணப் பயனராக உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். சர்வீஸ் பேக் 6 கதையை மறக்காதீர்கள். பேக்கப் எடுத்தால் போதாது, அதைத் திரும்பக் கொண்டுவந்தும் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. தனி சர்வரை பேக்கப்பிலிருந்து உருவாக்க முயலும்போதே, நம் பேக்கப் உண்மையில் வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும். நான் பார்த்த ஒரு சிறிய அலுவலகத்தில் அப்போதுதான் தெரிந்தது, பல மாதமாக ஒரு முக்கியமான ஃபோல்டர் பேக்கப்பிலேயே சேரவில்லை என்று.

2000-இல் நடந்தது

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதனால் எல்லாமே வீண் பயம் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் எத்தனையோ இளைஞர்கள் கோபோல் என்ற பழைய மொழியைக் கற்றுக்கொண்டு, கடல் கடந்து போய், யாரோ முப்பது வருடம் முன் எழுதிய நிரல்களை வரி வரியாகத் திருத்தினார்கள். இந்திய மென்பொருள் நிறுவனங்களை உலகம் நம்பத் தொடங்கியதில் அந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒன்றும் நடக்காமல் போனதற்கு அவர்களின் உழைப்பும் ஒரு காரணம்.

முழுக்க ஒன்றும் நடக்காமலும் இல்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு மருத்துவமனை ஒன்றின் கணினி தாய்மாரின் வயதைத் தவறாகக் கணக்கிட்டதால், டவுன் சிண்ட்ரோம் பரிசோதனையில் 154 கர்ப்பிணிகளுக்குத் தவறான முடிவு சொல்லப்பட்டது. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் தகவலைக் கையாளும் தரைநிலையம் சில நாள் தடுமாறியது.

திருத்தியவர்கள் எல்லாரும் நிரந்தரமாகத் திருத்தவும் இல்லை. வருடத்தை நான்கு இலக்கமாக மாற்றுவது நிரந்தர வழி, செலவும் அதிகம். சுலபமான வழி ஒரு எல்லைக்கோடு போடுவது. 00 முதல் 29 வரை என்றால் இரண்டாயிரங்கள், 30 முதல் 99 வரை என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரங்கள். எக்செல் 97 இரண்டு இலக்க வருடத்தை இப்படித்தான் படித்தது. பிரச்சினை அங்கே தீரவில்லை, வேறு தேதிக்குத் தள்ளிப்போடப்பட்டது.

இனி வரும் இரண்டு தேதிகள்

யூனிக்ஸ் வழியில் வந்த கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் எத்தனை நொடி ஆயிற்று என்று எண்ணிவைக்கும். பழைய முறையில் அந்த எண்ணுக்கு 32 பிட், அதாவது 32 இரும இலக்க இடம்தான், அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. உலகப் பொது நேரப்படி 2038 ஜனவரி 19 அதிகாலை 3:14:07-க்கு அது நிரம்பிவிடும். அடுத்த நொடி, பழைய முறையில் இருக்கும் கணினி 1901 டிசம்பர் 13-க்குப் போய்விடும்.

நெட்வொர்க்காரர்களுக்கு அதற்கு முன்பே ஒன்று இருக்கிறது. கணினிகள் ஒன்றோடொன்று கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளப் பயன்படுத்தும் என்டிபி முறை, 1900-இலிருந்து நொடிகளை எண்ணுகிறது. அதுவும் 32 பிட் தான், ஆனால் மைனஸ் குறிக்கு இடம் ஒதுக்காததால் இரண்டு மடங்கு தூரம் போகும். அது 2036 பிப்ரவரி 7 அன்று பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. ஒழுங்காக எழுதிய மென்பொருள் அந்தச் சுற்றைப் புரிந்துகொள்ளும். மூலையில் கிடக்கும் பழைய ரவுட்டரும் கேமரா பதிவுப் பெட்டியும் புரிந்துகொள்ளுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நிறுவனக் கணினிகளை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரும் விண்டோஸ் டொமைனில் கணினிக்கும் சர்வருக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நேரம் வேறுபட்டால், இயல்பான அமைப்பில் உள்ளே நுழையவே விடாது. ஐந்து நிமிடத்துக்கே இப்படி என்றால் நூற்று முப்பத்தாறு வருடம் தவறினால் என்ன ஆகும்?

2038-க்குக் காரணமான அந்த 32 பிட் எல்லை ஏற்கனவே ஒரு முறை நம்மைக் கடித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வரின் தீம்பொருள் வடிகட்டி, தன் பதிப்பு எண்ணைத் தேதியை வைத்தே அமைத்திருந்தது. 2022 ஜனவரி 1 பிறந்ததும் அது 2201010001 ஆனது. 2,147,483,647-ஐ விடப் பெரியது, 32 பிட்டில் அடங்கவில்லை. புத்தாண்டு அன்று நிறுவனங்களின் சொந்த எக்ஸ்சேஞ்ச் சர்வர்களில் மின்னஞ்சல்கள் வரிசையில் தேங்கி நின்றன. அதற்கான திருத்தத்தில் வந்த பதிப்பு எண் 2112330001. அதாவது 2021 டிசம்பர் 33-ஆம் தேதி! எண் அடங்க வேண்டும் என்பதற்காக இல்லாத ஒரு நாளையே உண்டாக்கினார்கள்.

நல்ல செய்தி, அடிப்படை வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. இன்றைய 64 பிட் கணினிகள் நேரத்தை 64 பிட்டில் எண்ணுகின்றன. 32 பிட் இயந்திரங்களுக்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 5.6 பதிப்பு 2020-இல் வழி செய்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் தொகுப்பு, பழைய 32 பிட் இன்டெல் கணினிகளுக்கான ஐ386 வகை தவிர மற்ற எல்லாவற்றையும் 64 பிட் நேரத்துக்கு மாற்றிவிட்டது. மிச்சம் இருப்பது மூலைமுடுக்குகள். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் தேதியையும் நேரத்தையும் வைக்கும் டைம்ஸ்டாம்ப் வகை 2038-க்கு மேல் போகாது, டேட்டைம் வகை போகும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 முறையில் அமைத்த வட்டுகளில், ஒவ்வொரு ஃபைலின் விவரத்தையும் வைக்கும் ஐநோடு பழைய சிறிய அளவில் உருவாக்கியவை 2038-இல் நின்றுவிடும். இவற்றை மாற்ற வட்டைப் புதிதாக அமைக்க வேண்டியிருக்கலாம், தரவை நகர்த்த வேண்டியிருக்கலாம். டிசம்பர் கடைசி வாரத்தில் செய்கிற வேலை இல்லை.

ஆனால் அதற்காக இன்றே எல்லாவற்றையும் பிடுங்கிப் போடவும் வேண்டாம். சர்வர்களை எப்படியும் ஐந்தாறு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறோம், இடையில் வரும் அந்த மாற்றத்திலேயே பெரும்பகுதி சரியாகிவிடும். கவலைப்பட வேண்டியது நாம் மாற்றாமல் விட்டுவிடும் பொருள்களைப் பற்றி. ஆலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி, வாசல் அட்டைப் பூட்டு, வருகைப் பதிவு இயந்திரம், ஜெனரேட்டர் கண்காணிப்புக் கருவி. இவை பதினைந்து வருடம்கூட ஓடும். 2026-இல் வாங்குவது 2038-இலும் சுவரில் இருக்கும். அதனால் இவற்றுக்கு மேம்படுத்தும் நேரம் என்பது வாங்கும் நேரம்தான். விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: 2036 பிப்ரவரி 7, 2038 ஜனவரி 19 ஆகிய தேதிகளைத் தாண்டி இயங்குமா, சோதித்த விவரம் தர முடியுமா. பதில் எழுத்தில் வரட்டும்.

கடைசியாக ஒன்று. 2000 ஜனவரி 1 சனிக்கிழமை. பெரும்பாலான அலுவலகங்கள் மூடியிருந்தன, திங்கள் காலைக்குள் சரிசெய்ய இரண்டு நாள் கிடைத்தது. நள்ளிரவும் ஒவ்வொரு நாடாக நகர்ந்து வந்தது. நியூசிலாந்தில் விளக்கு எரிகிறது என்று பார்த்துவிட்டு அமெரிக்கர்கள் மூச்சு விட நேரம் இருந்தது. 2038-இல் அப்படி இல்லை. நொடி எண்ணிக்கை உலகப் பொது நேரத்தில் ஓடுவதால் எல்லா நாட்டிலும் ஒரே கணத்தில் நிரம்பும். நியூயார்க்கில் அப்போது திங்கள் இரவு பத்தேகால். நமக்கு செவ்வாய்க்கிழமை காலை 8:44, பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு ஆட்கள் வருகைப் பதிவு இயந்திரத்தில் விரல் வைக்க வரிசையில் வரும் நேரம்.